அப்பா வாங்கிய ட்ராக்டர்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைப் பேசச் சொன்னபோது, "என்ன தலைப்பு போடட்டும்?" என்று கேட்டார். "ட்ராக்டர்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இந்த மேடையில் உபநிஷத் பற்றிப் பேசியிருக்கிறார்கள். சர்க்கரை வியாதி பற்றி, உயில் எழுதுவது பற்றி, அமெரிக்காவில் பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொள்வது பற்றியெல்லாம் பேசியிருக்கிறார்கள். ட்ராக்டர் பற்றி யாரும் பேசியதாக ஞாபகம் இல்லை. ஆனால் நம்மில் பலருக்கு ஊரில் ஏதாவது ஒன்று கிடக்கிறது. பூட்டிய வீடு, பாதி இடிந்த மாட்டுக்கொட்டில், பட்டா மாற்றாத நிலம், ஒரு பழைய அம்பாசடர் கார். "அடுத்த தடவை போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று வருஷங்கள் ஓடிவிடுகின்றன. எங்களுக்கு அப்படிக் கிடந்தது ஒரு ட்ராக்டர். 26 வருஷம் கிடந்தது.

எங்கள் ஊர் பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகாவில் ஒரு கிராமம். பாலக்காட்டுக்காரர்கள் அக்ரஹாரத்தைத்தான் கிராமம் என்போம். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப் பிரதேசம். 1970 ஜனவரி 1ஆம் தேதி கேரள நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது, குத்தகைக்கு விட்டிருந்த நிலமெல்லாம் உழுதவர்களுக்கே போயிற்று. அது நியாயமா அநியாயமா என்ற வாதத்துக்கு நான் இப்போது போகவில்லை. அப்பா நேரடியாகப் பயிர் வைத்திருந்த நிலம் மட்டும் மிஞ்சியது. கிராமத்தில் பலர் மிஞ்சியதையும் விற்றுவிட்டு பம்பாய்க்கும் டெல்லிக்கும் பிள்ளைகளோடு போனார்கள். அப்பா போகவில்லை. "இனிமேல்தான் நிஜமா விவசாயம் பண்ணணும்" என்றார். அண்ணா அவரோடு இருந்தான். நான் பாலக்காடு விக்டோரியா காலேஜில் 1968இல் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, 1971இல் மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விட்டேன்.

1976இல் அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ட்ராக்டர் வாங்கப் போவதாகவும், பெரும்பகுதி வங்கிக் கடன் என்றும், முன்பணம் எட்டாயிரத்தில் என்னால் ஐயாயிரம் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்திருந்த சமயம். நான் 2,000 ரூபாய் அனுப்பினேன். அதோடு நின்றிருக்கலாம். மூன்று பக்கம் உபதேசமும் எழுதினேன். இவ்வளவு சின்ன நிலத்துக்கு ட்ராக்டர் லாபமில்லை, இரண்டு ஜோடி உழவு மாடே போதும், டீசல் விலை ஏறிக்கொண்டே போகும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா பதிலுக்கு, "பணம் வந்தது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. க்ஷேமம்" என்று ஒரு கார்டு போட்டார். பாக்கிப் பணத்துக்கு அம்மாவின் வளையல்கள் போயின என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வந்தது மாஸே ஃபெர்குசன் 1035. நம்மவர்களுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. அதைச் செய்த டாஃபே கம்பெனியை 1960இல் மெட்ராஸ் செம்பியத்தில் ஆரம்பித்தவர் சிம்ப்சன் அனந்தராமகிருஷ்ணன். திருநெல்வேலி ஜில்லா ஆழ்வார்குறிச்சிக்காரர். இன்ஜினும் மெட்ராஸ் சிம்ப்சனிலேயே, பெர்க்கின்ஸ் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு செய்தது. மூன்று சிலிண்டர், சுமார் 35 குதிரை சக்தி, எடை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் டன்.

இன்னொரு விசேஷம் அதன் பின்புறத்தில் இருக்கிறது. ஹாரி ஃபெர்குசன் என்பவர் அயர்லாந்துக்காரர். 1909இல் அந்த நாட்டில் முதன்முதலாக விமானம் ஓட்டியவரும் அவர்தான். அந்தக் காலத்து ட்ராக்டர்களில் ஏரைச் சங்கிலி போட்டு இழுப்பது போலத்தான் மாட்டியிருப்பார்கள். ஏர் ஒரு வேரிலோ பாறையிலோ மாட்டினால், பின்சக்கரம் நின்று, வண்டியின் முன்புறம் எழும்பி ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடும். ஃபெர்குசன் ஏரை வண்டியோடு மூன்று இடங்களில் இணைத்தார். கீழே உள்ள இரண்டு கைகள் இழுக்கும். மேலே உள்ள ஒரு கை முன்பக்கமாகத் தள்ளி வண்டியின் மூக்கைத் தரையில் பிடித்துவைக்கும். ஏர் எங்காவது மாட்டினால் அந்த மேல்கையில் ஏறும் அழுத்தத்தை ஹைட்ராலிக் வால்வு உணர்ந்து ஏரைச் சற்றுத் தூக்கிவிடும். இன்றைக்கு எந்த நாட்டில் எந்தக் கம்பெனி ட்ராக்டரைப் பார்த்தாலும் அந்த மூன்று கைகளைப் பார்க்கலாம்.

அதை ஓட்ட அப்பா ஒரு இளைஞரை வைத்தார். பக்கத்துக் குக்கிராமத்துக்காரர், 24 வயது. அவர் பெயரை இங்கே சொல்லவில்லை. அவரே வேண்டாமென்றார். ட்ரைவர் என்றே சொல்கிறேன். சேற்றுழவுக்குப் பின்சக்கரத்தோடு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி இரண்டு போகமும் ஓட்டுவார். எங்கள் நிலம் முடிந்தால் அக்கம்பக்கத்து நிலங்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்குப் போகும். என் உபதேசக் கணக்கில் அந்த வாடகை வருமானத்தை நான் சேர்க்கவே இல்லை. வங்கிக் கடன் 1983இல் முழுதும் அடைந்தது.

1996இல் அப்பா காலமானார். அண்ணாவுக்கு முதுகுவலி. வாடகைக்குப் புது ட்ராக்டர்கள் சுலபமாகக் கிடைத்தன. பிறகு அறுவடை இயந்திரமும் வந்தது. எங்கள் வண்டி களப்புரையில் நின்றது. 2011இல் அண்ணாவும் மன்னியும் பிள்ளையோடு கோயம்புத்தூருக்குப் போனார்கள். 2022இல் வீடு, களம், நிலம் எல்லாவற்றையும் விற்றோம். வாங்கியவர் நல்ல மனிதர். ஆனால் முப்பது நாளில் களப்புரையைக் காலி செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை.

அண்ணாவுக்கு அப்போது 83 வயது. அலைய முடியாது. அதனால் நான் போனேன். உண்மையைச் சொல்கிறேன், ட்ராக்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்றுதான் போனேன். ஊரில் ஆக்ரிக்காரர் என்று சொல்வோம், பழைய இரும்பு எடுப்பவர். அவர் வந்து பார்த்து 42,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். சரி என்றேன். ராத்திரி அண்ணாவுக்குப் போன் பண்ணினேன்.

"போடறதுன்னா போடு. நமக்கு அத வெச்சுண்டு என்ன ஆகப்போறது?" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ண முடியுமாடா? அந்த சத்தத்தைக் கேக்கணும்போல இருக்கு" என்றான்.

என் அண்ணா எதையும் கேட்கிற ஆள் இல்லை. நான் டெல்லியிலும் நாக்பூரிலும் உத்தியோகம் பார்த்தபோது அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன் அவன். ஆக்ரிக்காரரிடம் பத்து நாள் தவணை கேட்டேன். தங்கை பிள்ளைக்கு, அதாவது எங்கள் மருமானுக்கு, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு இருக்கிறது. அவன், "ஓடினால் நான் எடுத்துக்கறேன் மாமா, ஓடலேன்னா எடைக்குப் போடுங்கோ" என்றான்.

மறுநாள் ட்ரைவர் வீட்டுக்குப் போனேன். 70 வயது. 2016இல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கைத்தடியோடு நடக்கிறார். என்னைப் பார்த்ததும், "சாமி, வண்டியைக் கொடுக்கப் போறீங்களா?" என்றுதான் கேட்டார். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்றேன். உடனே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

களப்புரையைத் திறந்தோம். தூசி, ஒட்டடை, எலிப்புழுக்கை. முன் டயர்கள் வெடித்துத் தரையோடு ஒட்டியிருந்தன. ஆனால் பின் அச்சுக்கு அடியில் பனங்கட்டைகள் அண்டைகொடுத்திருந்தன. செங்குத்தாக நிற்கும் புகைக்குழாயின் வாயில் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்த்து, கம்பியால் கட்டியிருந்தது. "இது யார் கட்டினது?" என்றேன். "நான்தான்" என்றார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. 1996இல் அப்பா படுக்கையில் இருந்தபோது அவரைக் கூப்பிட்டு, "வண்டி கொஞ்ச நாள் நிக்கும். உள்ளே ஈரம் ஏறாம பாத்துக்கோ" என்றாராம். அவர் ரேடியேட்டர் தண்ணீரை வடித்திருக்கிறார். மூன்று இன்ஜெக்டர்களையும் கழற்றி, சிலிண்டருக்குள் புது இன்ஜின் ஆயில் ஊற்றி, மறுபடி மாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு வருஷாவருஷம் விஷுவுக்கு மறுநாள் வந்து, கொஞ்சம் ஆயில் விட்டு, முன்புறத்துப் புல்லியில் ஸ்பானர் போட்டு இன்ஜினை நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவாராம். 2016 வரைக்கும். இருபது வருஷம். யாரும் சொல்லவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. "மூத்த சாமிக்குத் தெரியுமா?" என்றேன். "களப்புரைச் சாவி ஒண்ணு எங்கிட்டத்தானே இருந்தது" என்றார். அண்ணாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். யாருக்காவது உபயோகப்படலாம்.

நின்றுபோன இன்ஜினுக்கு மூன்று எதிரிகள். துரு, பிசின், எலி. முதல் விதி, ஆசைப்பட்டு உடனே பேட்டரி வைத்து ஸ்டார்ட்டரைத் தட்டக்கூடாது. வேறு வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யவும் கூடாது. பிஸ்டன் ஒட்டியிருந்தால் வளையம் உடையும், கனெக்டிங் ராடு வளையும். முதலில் இன்ஜின் ஆயிலை அடியிலிருந்து வடித்தோம். ஆயிலுக்கு முன்னால் அரைத் தம்ளர் தண்ணீர் வந்தது. தண்ணீர் கனம், அடியில் தங்கும். காற்றுவடிகட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. அதை அப்படியே விட்டு ஸ்டார்ட் செய்திருந்தால் வைக்கோலும் பஞ்சும் சிலிண்டருக்குள் போயிருக்கும்.

புல்லியில் ஸ்பானர் போட்டுப் பார்த்தால் அசையவில்லை. ட்ரைவர் வராமலிருந்த ஆறு வருஷத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜெக்டர்களை எடுத்து, டீசலும் ஆயிலும் கலந்து மூன்று சிலிண்டரிலும் ஊற்றினோம். ட்ரைவரின் பிள்ளை சித்தூரில் மெக்கானிக். தினமும் சாயங்காலம் வந்து ஸ்பானரை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பார்ப்பான். பலாத்காரம் கிடையாது. ஆறாம் நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. ஒன்பதாம் நாள் முழுச் சுற்றுச் சுற்றியது. ட்ரைவர் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "விடு, போதும், நாளைக்கு" என்று மட்டும் சொன்னார்.

டீசல் டேங்க் வேறு கதை. பழைய டீசல் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கோந்து மாதிரி ஆகிவிடும். அடியில் தேங்கும் தண்ணீரில் நுண்ணுயிர்களும் வளரும். டேங்கைக் கழற்றிக் கழுவினோம். எரிபொருள் பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். அதில் கை வைக்கக்கூடாது, அளவுகள் அவ்வளவு நுட்பம்.

துருப்பிடித்த சின்னச் சாமான்களுக்கு மட்டும் என் பி.எஸ்ஸி. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு உதவியது. பிளாஸ்டிக் வாளியில் சலவை சோடா கரைசல். பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையைத் துருப்பிடித்த சாமானுக்கும், ப்ளஸ் முனையைக் கரைசலில் தொங்கும் பழைய இரும்புக் கம்பிக்கும் கொடுத்தால், ராத்திரியோடு ராத்திரியாகத் துரு கழன்று கறுப்புப் பொடியாக நிற்கும். கவனம்: ப்ளஸ் பக்கம் எவர்சில்வர் போடவே கூடாது, குரோமிய விஷம் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். தீப்பொறி கூடாது. போனில் அண்ணாவிடம் சொன்னேன். "அப்பா காலேஜுக்குக் கட்டின பணம் இன்னிக்குத்தான் வசூலாச்சு" என்றான்.

ஆக்ரிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் முப்பது நாளில் பதினைந்து போயிருந்தது. அங்கேயே ஸ்டார்ட் செய்ய நேரமில்லை. பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். கட்டி இழுத்துக்கொண்டே போகலாமே என்று ஊரில் சொன்னார்கள். ப்ரேக் பிடித்துக்கொண்டிருக்கிற, டயர் இற்றுப்போன, பதிவு காலாவதியான வண்டியைச் சாலையில் இழுப்பது ஆபத்து, சட்டப்படியும் தவறு. லாரியில் சரக்காக ஏற்றுவதுதான் முறை.

அதற்கு முன் பின்சக்கரத்தைக் கழற்றினோம். சேற்றில் பிடிப்புக்காகப் பின் டயர்களில் தண்ணீர் நிரப்புவது வழக்கம். இந்த அளவு டயரில் நூற்றைம்பது லிட்டருக்குக் குறையாமல் இருக்கும். இரண்டையும் வடித்தபோது செம்மண் குழம்பு மாதிரி வந்தது. உள்பக்கத்து ரிம் ஒன்று சல்லடையாகியிருந்தது. பழைய ரிம் ஒன்றும், முன்னுக்கு இரண்டு புது டயரும் வாங்கினோம். ப்ரேக் ட்ரம்மைத் தட்டித் தட்டி விடுவித்தோம்.

ஏற்றுவதற்கு க்ரேன் தேவைப்படவில்லை. களத்தை ஒட்டி லாரித் தளத்தின் உயரத்துக்கு ஒரு மண்மேடு உண்டு. அந்தக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றியது. லாரியின் பின்புறத்தை அதோடு சேர்த்து நிறுத்தி, தடித்த பலகை போட்டு, பத்து பேர் தள்ள, லாரியில் கட்டிய இழுவைச் சங்கிலி இழுக்க, அரைமணியில் ஏறிவிட்டது. ஏறும்போது பின்னால் ஒருவரையும் நிற்கவிடவில்லை. சக்கரத்துக்குக் கட்டை போட ஒருவர் மட்டும் பக்கவாட்டில். ட்ராக்டரின் எடையில் பெரும்பகுதி பின் அச்சில் இருக்கும். அந்தப் பாரம் லாரியின் வால்பக்கம் போகாமல் முன்னால் தள்ளி நிறுத்தினோம். நான்கு மூலைகளுக்கும் குறுக்காகச் சங்கிலி போட்டு, முன் அச்சிலும் பின்னால் இழுவைக் கம்பியிலும் பிணைத்தோம். ஸ்டியரிங் தண்டிலோ மட்கார்டிலோ கட்டினால் வளைந்துவிடும். ஏர் மாட்டும் கைகளைக் கீழே இறக்கி, சக்கரங்களுக்கு அண்டைக்கட்டை அடித்து, புகைக்குழாயைக் கழற்றி வைத்தோம். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகள் வழியில் உண்டு. புறப்பட்டுப் பத்து கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தால் இரண்டு சங்கிலிகள் தளர்ந்திருந்தன. அதிர்வில் எதுவும் தளரும். மறுபடி முறுக்கினோம்.

ட்ரைவர் லாரியின் முன்சீட்டில் வந்தார். எல்லை தாண்டியதும் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். பழைய ஆர்.சி. புத்தகம், அப்பாவின் மரணச் சான்றிதழ், வாரிசுகள் மூவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் எல்லாம் காட்டினேன். அவர் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டி, "சார், இதில் இன்னும் வங்கிக் கடன் இருக்கிற மாதிரிப் போட்டிருக்கே" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் காகிதங்களைச் சரிபார்த்தவன் நான். அந்த வரியைப் பார்க்கவே இல்லை. அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

கடன் 1983இல் அடைந்தது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் அடமானப் பதிவை ரத்து செய்யவில்லை. கடன் கொடுத்த இடத்தில் போய்க் கேட்டால், அத்தனை பழைய லெட்ஜர் இல்லை என்றார்கள். அதற்காகத்தான் அப்பாவின் தகர டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வீட்டைக் காலி செய்தபோது அதை அப்படியே தூக்கி அண்ணா வீட்டில் வைத்திருந்தோம். அதில் வங்கி ரசீதுகள் எல்லாம் தேதிவாரியாக நூல் கோத்து இருந்தன. கடைசி ரசீதில் 'பாக்கி இல்லை' என்று முத்திரையோடு இருந்தது. அதை வைத்துத்தான், மூன்று தடவை நடந்து, கடன் தீர்ந்ததற்கான கடிதம் வாங்கினேன்.

ரசீதுகளுக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். 'ட்ராக்டர் கணக்கு' என்று மேலே அப்பா கையெழுத்து. முதல் பக்கத்தில், வங்கி இவ்வளவு, அம்மா வளையல் இவ்வளவு என்று எழுதி, அடுத்த வரியில், "சின்னவன் அனுப்பியது ரூ. 2,000. திருப்ப வேண்டியது" என்று இருந்தது. அதே வருஷம் ஐப்பசியில், "சின்னவனுக்கு மணியார்டர் ரூ. 200. பாக்கி 1,800." அடுத்த ஐப்பசியில், "ரூ. 200. பாக்கி 1,600." இப்படியே பத்து வருஷம். 1985 ஐப்பசியில், "ரூ. 200. பாக்கி இல்லை." அதன் கீழே ஒரு கோடு.

அந்த மணியார்டர்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. கூப்பனில் "குழந்தைகளுக்குத் தீபாவளிக்கு" என்று எழுதியிருப்பார். தாத்தா அனுப்பிய பணம் என்று பட்டாசும் துணியும் வாங்குவோம். 1986இல் மணியார்டர் வரவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "அப்பாவுக்கு அண்ணா குழந்தைகள்தான் ஒசத்தி. கண்ணில் படாத பேரன் பேத்தி மறந்துபோச்சு" என்று என் மனைவியிடம் சொன்னேன். அந்த வருஷம் நாலைந்து மாசம் ஊருக்குக் கடிதம் போடவில்லை. அப்பாவும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு அவர் பத்து வருஷம் இருந்தார். நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

நோட்டை அண்ணாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தான். "எனக்குத் தெரியாதுடா" என்றான். பிறகு, "நீ கடனா கொடுத்தியா, சும்மா கொடுத்தியா?" என்று கேட்டான். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த மூன்று பக்க உபதேசத்தோடு வந்த பணத்தை யாராக இருந்தாலும் கடன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதைத்தான் அண்ணாவிடம் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறையிலிருந்து பம்ப் வந்ததும் பொள்ளாச்சியில் எல்லாவற்றையும் மாட்டினோம். அண்ணாவைக் காரில் அழைத்து வந்தோம். ட்ரைவரும் அவர் பிள்ளையும் வந்தார்கள். முதலில் எரிபொருளை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்தபடி இன்ஜினைச் சுற்றவிட்டோம். ஆயில் அழுத்தம் காட்டும் முள் எழும்பும் வரை. பிறகு வடிகட்டியிலும் பம்ப்பிலும் இன்ஜெக்டர் முனைகளிலும் காற்றை வெளியேற்றினோம். ட்ரைவர் ஒரு பலகையை எடுத்துக் காற்றுக்குழாய் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ரொம்ப நாள் நின்ற டீசல் இன்ஜின் சில சமயம் கட்டுக்கு அடங்காமல் வேகமெடுக்கும். அப்போது சாவி, குமிழ் எதுவும் கேட்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு சிலிண்டர், பிறகு இரண்டு, வெள்ளைப் புகை தென்னை உயரத்துக்கு. ஒரு நிமிஷத்தில் மூன்றும் சேர்ந்து அந்தப் பழைய தாளம் வந்தது. பலகை தேவைப்படவில்லை. அண்ணா நாற்காலியிலிருந்து எழுந்து மெல்ல நடந்து வந்து, மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அப்பா அந்த மட்கார்டில்தான் உட்கார்ந்து வருவார். ட்ரைவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது இன்ஜெக்டர் சரியில்லை" என்றார். பிள்ளை ஸ்பானரை எடுக்கப் போனான்.

க்ளட்ச் தட்டு துருவில் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தது. மிதியை அழுத்தி மரக்கட்டை கொடுத்து இரண்டு நாள் வைத்து, பிறகு ஒருவழியாக விடுபட்டது. அதையெல்லாம் நீட்டவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆக்ரிக்காரன் எவ்வளவு தரேன்னான்?" என்றான். "42,000" என்றேன். "அது நம்ம பணமில்லை. இருபது வருஷம் வந்து சுத்திவிட்டவனுக்கு வண்டியோட விலையாவது கொடுக்கணும்" என்றான். நானும் தங்கையும் அவனும் பங்கு போட்டுக் கொடுத்தோம். ட்ரைவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குத்தான் சங்கடமாக இருந்திருக்கும். போகும்போது களப்புரைச் சாவியை அண்ணா கையில் கொடுத்தார். களப்புரை நம்முடையது இல்லை என்று அவருக்கும் தெரியும். அண்ணா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

காகித விஷயத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கடன் அடைந்த அன்றே வங்கியிடம் படிவம் 35 வாங்கி ஆர்.சி.யில் அடமானத்தை ரத்து செய்துவிடுங்கள். வண்டி உரிமையாளர் காலமானால் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். சொந்த வாகனப் பதிவு 15 வருஷம்தான், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் தடையில்லாச் சான்று பெற்று அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். எங்கள் வண்டிக்கு இந்த ஏணியில் இன்னும் சில படிகள் பாக்கி. அதுவரை தோப்பு வேலிக்குள்தான் ஓடும். மட்டை அள்ளுகிறது, களை உழுகிறது. மருமான் புகார் சொல்லவில்லை.

அண்ணாவுக்கு இப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மருமான் ட்ராக்டரை ஸ்டார்ட் பண்ணி, போனை இன்ஜின் பக்கத்தில் பிடிப்பான். அண்ணா ஸ்பீக்கரில் கேட்பான். இரண்டு நிமிஷம். அதோடு வைத்துவிடுவான்.

ஊரில் உங்களுக்கு ஏதாவது கிடந்தால், விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் இஷ்டம். அதற்கு முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். அதை அத்தனை நாள் பார்த்துக்கொண்டவர் யார் என்று விசாரியுங்கள். அவர் இன்னும் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.